நெவாடா 375 பறக்கும் தட்டுப் பயணம்: வழி, பெட்ரோல், டயர், எல்லைப் பலகை

#1 ஊர்சுற்றி

வணக்கம் மக்களே. அக்டோபர் கடைசி வாரம் நான்கு நாள் விடுமுறை. லாஸ் வேகஸில் வண்டி வாடகைக்கு எடுத்து, பாலைவனத்தில் இருக்கும் பறக்கும் தட்டு ஊர்களை ஒரு சுற்றுச் சுற்றலாம் என்று திட்டம். நெவாடாவில் ரேச்சல், ஏரியா 51 என்ற ரகசிய விமானப்படைத் தளத்தின் வாசல்; கலிபோர்னியாவில் இன்டக்ராட்ரான் கும்மட்டம்; நியூ மெக்சிகோவில் ராஸ்வெல். பெரியவர்கள் இருவர், 8, 11 வயதில் பிள்ளைகள் இருவர். நடுத்தர எஸ்யூவி. நான்கு நாளில் எல்லாம் முடியுமா? இரவு எங்கே தங்குவது? மண் ரோட்டில் வாடகை வண்டியை இறக்கலாமா?

#2 மைல்கல்

நான்கு நாளில் மூன்று மாநிலம் வேண்டாம் சகோ. லாஸ் வேகஸிலிருந்து ராஸ்வெல் ஒரு வழிக்கே சுமார் 770 மைல். பிள்ளைகளோடு போனால் போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள். மிச்சமிருக்கும் ஒரு நாளில் பறக்கும் தட்டு அருங்காட்சியகத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ராஸ்வெலுக்கு விமானத்தில் ஆல்புகர்க்கி போய், அங்கிருந்து 200 மைல் ஓட்டுங்கள். அது தனிப் பயணம்.

நெவாடா வட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் நிதானமாகப் பார்க்கலாம். தோராயக் கணக்கு இது:

லாஸ் வேகஸ் – ரேச்சல் 150 மைல்
ரேச்சல் – டோனபா 110
டோனபா – பீட்டி 95
பீட்டி – அமர்கோசா வேலி 30
அமர்கோசா வேலி – லாஸ் வேகஸ் 90

மொத்தம் 475 மைல். இரண்டு இரவு தங்கினால் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஸ்டீயரிங் பிடிக்க வேண்டியிராது.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பது முக்கியம். முதலில் 375-ஆம் நெடுஞ்சாலை, அப்புறம் டோனபா, கடைசியில் யூஎஸ் 95 வழியாக இறங்குங்கள். காலையில் 375-ல் மேற்கே போகும்போது வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். மாற்றிச் சுற்றினால் காலையில் கிழக்கே பார்த்து ஓட்டிக் கண் கூசும். திரும்பி வரும் யூஎஸ் 95-ல் லாரிப் போக்குவரத்து உண்டு, ஊர்கள் உண்டு. தாமதமாகி இருட்டிவிட்டாலும் அந்தச் சாலையில் சமாளிக்கலாம். 375-ல் இருட்டில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

வழி: ஐ-15 வடக்கே 64-ஆம் எக்ஸிட், அங்கிருந்து யூஎஸ் 93. அலமோ, ஆஷ் ஸ்பிரிங்ஸ் தாண்டிச் சில மைலில் கிறிஸ்டல் ஸ்பிரிங்ஸ் சந்திப்பு. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 93 வலப்பக்கம் கிழக்கே திரும்பிப் போய்விடும். நீங்கள் இடப்பக்கம் 318-ஐப் பிடித்து, ஒரு மைலுக்குள் மறுபடி இடப்பக்கம் 375-க்குத் திரும்ப வேண்டும். 1996-ல் மாநில அரசு அதிகாரபூர்வமாக வேற்றுக்கிரகவாசி நெடுஞ்சாலை என்று பெயர் வைத்த 98 மைல் இதுதான்.

375-ன் ஓரத்தில் சின்னப் பச்சை மைல் பலகைகள் இருக்கும். அவற்றைப் படிக்கத் தெரிந்தால் கைபேசி வரைபடம் வேண்டாம். லிங்கன் கவுன்டியை (மாவட்டத்தை)க் குறிக்கும் எழுத்தோடு கிறிஸ்டல் ஸ்பிரிங்ஸ் பக்கம் 49-ல் தொடங்கி, மேற்கே போகப் போக எண் குறையும். 34-க்கும் 35-க்கும் நடுவில் இடப்பக்கம் ஏரியா 51 முன்வாசலுக்குப் போகும் க்ரூம் லேக் ரோடு பிரியும். 29, 30-க்கு நடுவில் பறக்கும் தட்டு ரசிகர்கள் கூடிய, பெயர்பெற்ற கறுப்பு அஞ்சல்பெட்டி இருந்த இடம். 11, 12-க்கு நடுவில் பின்வாசல் ரோடு. 10-க்குப் பக்கத்தில் ரேச்சல்.

#3 ஸ்பேனர்

பெட்ரோல் கணக்கை முதல்ல போட்டுக்கோங்க. ரேச்சல்ல பங்க் கிடையாது. முன்னாடி இருந்தது, மூடி ரொம்ப வருஷம் ஆச்சு. வரைபடத்துல வார்ம் ஸ்பிரிங்ஸ்னு ஒரு பேரைப் பாத்து ஊர்னு நம்பிடாதீங்க, அங்க பூட்டிக் கிடக்குற கட்டிடம்தான்.

அலமோவுல நிரப்பினா அடுத்தது டோனபா. நேர் வழி 160 மைல். க்ரூம் லேக் ரோட்டுக்குள்ள போய் வர 27, பின்வாசல் போய் வர 20. ஆக 207. நடுத்தர எஸ்யூவி ஒரு கேலனுக்கு 25 மைல்னு வெச்சா எட்டு கேலனுக்கு மேல. டேங்க் பொதுவா 14 லேந்து 16 கேலன். முழு டேங்க்ல தாராளமா போயிடலாம். பாதி டேங்க்ல 375 ஏறினா நடுரோட்டுல நிக்கணும். எதிர்க்காத்து, ஏத்தம், ஏசி எல்லாம் அதுக்கு மேல. லாஸ் வேகஸ்ல நிரப்பினதே போதும்னு விடாதீங்க, அலமோ வரதுக்குள்ள 95 மைல் ஓடியிருக்கும். அலமோவுல வாய் வரைக்கும் நிரப்புங்க.

அடுத்தது டயர். இப்போ வர நிறைய வண்டில ஸ்டெப்னியே இருக்காது, ஒரு சின்ன கம்ப்ரஸரும் பசை டப்பாவும் வெச்சுடறாங்க. அந்தப் பசை ஆணி ஓட்டைக்குத்தான். கூர்க்கல் டயரோட பக்கச்சுவரைக் கிழிச்சா அது ஒட்டாது. அதனால வண்டி எடுக்குற இடத்துலயே பின்கதவைத் திறந்து, தரைப்பலகையைத் தூக்கிப் பாருங்க:

ஸ்டெப்னி இருக்கா, அதுல காத்து இருக்கா. சின்ன ஸ்டெப்னின்னா பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ வேணும். பல வண்டில 30 கூட இருக்காது.
ஜாக்கி, வீல் ஸ்பேனர், பூட்டு நட்டு இருந்தா அதோட சாவி.
கூடவே 12 வோல்ட் கம்ப்ரஸர், காத்தளவி, பஞ்சர் திரி கிட், ஒரு அடிக்கு ஒரு அடி முக்கால் அங்குல பிளைவுட். மணல்ல ஜாக்கி புதையாம இருக்க அந்தப் பலகைதான் காப்பாத்தும்.

வாடகை ஒப்பந்தத்தையும் படிங்க. தார் போடாத ரோட்டுல ஓட்டக் கூடாதுன்னு பெரும்பாலான ஒப்பந்தத்துல இருக்கும். அங்க ஏதாவது ஆச்சுன்னா நீங்க காசு கட்டி வாங்கின காப்பீடும் செல்லாது, இழுவை வண்டிச் செலவும் உங்க தலையில.

#4 புழுதிப்பாதை

க்ரூம் லேக் ரோட்டைப் பற்றி இவ்வளவு பயமுறுத்த வேண்டியதில்லை. தளத்துக்குப் போகிற ரோடு என்பதால் அகலமாக, சமன் செய்து வைத்திருக்கிறார்கள். மழை இல்லாத நாளில் சாதாரணக் காரே போகும். நாற்சக்கர ஓட்டம் தேவையே இல்லை.

#5 ஸ்பேனர்

@புழுதிப்பாதை ரோடு அகலம்தான், ஒத்துக்கறேன். அந்த அகலத்தைப் பாத்துத்தான் எல்லாரும் 50, 55-ல அடிக்கறாங்க. சரளை ரோட்டுல அலை அலையா வரி விழுந்திருக்கும். அந்த வேகத்துல டயர் வரி மேல தாவித் தாவிப் போகும், தரையை முழுசாத் தொடாது. வளைவுல பிரேக் அடிச்சா பின்பக்கம் தனியா போகும். 30-க்கு மேல வேண்டாம். தார்ல 35 பிஎஸ்ஐ இருந்தா சரளைல 28-க்கு இறக்கலாம், அதிர்வும் குறையும், கல்லும் சட்டுனு கிழிக்காது. திரும்பத் தார் ஏறும்போது மறக்காம 35-க்கு ஏத்துங்க, காத்துக் குறைஞ்ச டயர்ல 70 மைல் வேகம் போனா சூடேறிடும். எதிர்ல வண்டி வந்தா ஓரங்கட்டிப் புழுதி அடங்கற வரைக்கும் நில்லுங்க. முன்கண்ணாடில கல் தெறிக்கிறது அந்த ரெண்டு நிமிஷத்துலதான்.

#6 கோப்புப்புழு

எல்லையைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளோடு போகிறீர்கள், இதில் மட்டும் அலட்சியம் கூடாது.

க்ரூம் லேக் ரோட்டில் 13 மைல் உள்ளே போனதும் எச்சரிக்கைப் பலகைகள் வரும். எல்லை முழுவதும் வேலி கிடையாது. பலகையும் கம்பமும்தான் எல்லை. பலகைக்கு அப்பால் ஒரு அடி வைத்தாலும் அத்துமீறல். மேட்டின் மேல் வெள்ளை பிக்கப் வண்டி நிற்கும், கேமராக்கள் இருக்கும். அவர்கள் உங்களிடம் பேச வர மாட்டார்கள். தாண்டினால் ஷெரிஃபை அழைப்பார்கள். வழக்கு, அபராதம் நிச்சயம். வெளிநாட்டுக் குடிமக்களுக்கு அது குடியேற்றக் கோப்பிலும் ஏறலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

படம் எடுப்பது தொடர்பாகவும் பலகையில் எழுதியிருக்கும். தளத்தையோ காவல் சாவடியையோ நோக்கிக் கேமரா பிடிக்க வேண்டாம். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மேலே இருப்பது தடை செய்யப்பட்ட ராணுவ வான்வெளி.

இரண்டு வாசலில் ஒன்று போதும் என்றால் பின்வாசலைத் தேர்ந்தெடுங்கள். 10 மைல் மண் ரோடு, கடைசியில் தடுப்பும் காவல் சாவடியும் கண்ணுக்குத் தெரியும். க்ரூம் லேக் பக்கம் போனால் பலகையும் மேடும்தான். தளம் அங்கிருந்து தெரியாது. தளத்தைக் கண்ணால் பார்க்கும் ஆசை இருந்தால் டிக்கபூ சிகரம் ஒன்றுதான் வழி. 1995 வரை ஃப்ரீடம் ரிட்ஜ், வொயிட் சைட்ஸ் என்ற இரண்டு குன்றுகளிலிருந்து பார்க்க முடிந்தது. அந்த ஆண்டு அரசு அந்த நிலத்தையும் எல்லைக்குள் எடுத்துக்கொண்டது. டிக்கபூ சுமார் 7,900 அடி உயரம். அங்கிருந்து தளம் 26 மைல் தள்ளி இருக்கிறது. அடிவாரம் வரை உயரமான வண்டி வேண்டும், அப்புறம் சரளைச் சரிவில் செங்குத்தாக ஏற வேண்டும். நல்ல தொலைநோக்கி இருந்தாலும் பகலில் கானல் அலையில் கட்டிடங்கள் நெளியும். விடிந்த முதல் ஒரு மணி நேரம்தான் தெளிவு. 8 வயதுப் பிள்ளையோடு இது வேண்டாம்.

வாசலில் நின்று பிள்ளைகள் "உள்ளே என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். சொல்வதற்கு உண்மையான கதையே இருக்கிறது. 1955-ல் யூ-2 உளவு விமானத்தைச் சோதிக்கத்தான் அந்த வறண்ட ஏரிப்படுகையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் காலத்துப் பயணிகள் விமானங்கள் 10,000, 20,000 அடியில் பறந்தன. யூ-2 60,000 அடிக்கு மேல். கீழே இருட்டிய பிறகும் அந்த உயரத்தில் வெயில் இருக்கும். வெள்ளி இறக்கையில் அது பட்டுத் தீப்போல மின்னியதைப் பார்த்த விமானிகள் பறக்கும் தட்டு என்று புகார் எழுதினார்கள். அதை மறுத்துச் சொல்ல அதிகாரிகளுக்கு வாய் இல்லை, விமானமே ரகசியம். 1962-ல் ஏ-12 உளவு விமானம் அங்கேதான் முதலில் பறந்தது. ஏரியா 51 என்ற பெயரோடு அந்த இடத்தை சிஐஏ தன் ஆவணத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 2013-ல்தான்.

#7 கட்டுச்சோறு

தம்பி, சாப்பாடு, தண்ணி, கழிவறை மூணையும் நான் சொல்றேன்.

ரேச்சல்ல லிட்டில் ஏலியன் விடுதி ஒண்ணுதான் சாப்பாட்டுக் கடை, தங்கும் இடம், பரிசுக் கடை எல்லாம். பர்கர்தான் பிரதானம். சைவம்னா அதையே நம்பிப் போகாதீங்க. ஐஸ் பெட்டில முதல் நாளுக்குத் தயிர்சாதம், ரெண்டாம் நாளுக்குப் புளியோதரை, சப்பாத்தி. புளியோதரை கெடாது, ஆனா பெட்டியை வெயில் படுற சீட்ல வைக்காம கால் பக்கம் வைங்க.

தண்ணி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன். நாலு பேருக்கு ரெண்டு நாள்னா எட்டு கேலன், அதுக்கு மேல ரெண்டு கேலன் வண்டி நின்னுபோனா வேணும்னு தனியா. எல்லாத்தையும் ஒரே பெரிய கேன்ல வைக்காதீங்க, ஒண்ணு ஒழுகினா மொத்தமும் போயிடும்.

கழிவறை: 93-ல பராநகட் வனவிலங்குக் காப்பகத்துல நிறுத்துங்க, ஏரிக்கரை, பறவை பாத்துக்கிட்டே சாப்பிடலாம். அப்புறம் அலமோ. அதுக்கப்புறம் ரேச்சல் வரைக்கும் ஒண்ணும் கிடையாது.

பாலைவனம்னா சூடுன்னு நினைச்சு அரைக்கை சட்டையோட வராதீங்க. ரேச்சல் 4,800 அடி உயரம், டோனபா 6,000 அடி. அக்டோபர் கடைசில ராத்திரி உறைநிலைக்குப் பக்கம் இறங்கிடும். பிள்ளைங்களுக்குக் குல்லா, கையுறை, கம்பளி கட்டாயம். உதடு வெடிக்கும், தேங்காய் எண்ணெய் ஒரு சின்ன டப்பா.

ரொக்கமா கொஞ்சம் சின்ன நோட்டு வெச்சுக்கோங்க, சிக்னல் இல்லாத ஊர்ல அட்டை இயந்திரம் சில நேரம் வேலை செய்யாது.

#8 ஊர்சுற்றி

@கட்டுச்சோறு நன்றி அக்கா. ரேச்சலில் இரவு தங்குவதா, டோனபாவா? வானம் பார்க்க ஆசை.

#9 மைல்கல்

ரேச்சல் என்பது ஐம்பது பேர் வாழும் ஊர். விடுதி அறைகள் சக்கர வீட்டு வகை, குளியலறை பொது. அது பரவாயில்லை என்றால் முதல் இரவு ரேச்சல்தான், ஆனால் முன்பதிவு செய்து, தொலைபேசியில் உறுதி செய்துகொண்டு போங்கள். அறை இல்லையென்றால் முன்னே போகும் வழியில் அடுத்த கட்டில் 110 மைல் தள்ளி. வசதி வேண்டுமென்றால் டோனபா. 1907-ல் கட்டிய மிஸ்பா ஹோட்டல் அழகு. அங்கிருக்கும் கோமாளி மோட்டலை வெளியிலிருந்து பார்த்தால் போதும், ஆயிரக்கணக்கான கோமாளிப் பொம்மைகள் நடுவில் பிள்ளைகள் தூங்க மாட்டார்கள்.

எங்கே தங்கினாலும் சரி, சூரியன் மறைவதற்கு முன் 375-ஐ விட்டு இறங்கிவிடுங்கள். அக்டோபர் கடைசியில் ஆறு மணிக்குள் மறைந்துவிடும். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரம் மாறிய பிறகு ஐந்துக்கு முன்பே. காரணம் மாடு. அது வேலி இல்லாத மேய்ச்சல் நிலம். கறுப்பு மாடுகள் நடுச்சாலையில் நிற்கும், தெருவிளக்கு ஒன்றுகூடக் கிடையாது. 70 மைல் வேகத்தில் சாதாரண முகப்பு விளக்கு காட்டும் தூரத்துக்குள் வண்டி நிற்காது. நெவாடாச் சட்டப்படி திறந்த மேய்ச்சல் நிலத்தில் மாடு சாலைக்கு வந்தால் உரிமையாளர் பொறுப்பில்லை. வண்டிச் சேதத்தோடு மாட்டின் விலையும் உங்கள் பக்கம் வரலாம். இருட்டில் ஓட்டியே ஆக வேண்டுமென்றால் 45-க்குக் கீழ்.

#10 விண்மீன்தேடி

வானம் பார்ப்பதற்காகத்தான் போகிறீர்கள் என்றால் தேதியை முதலில் நாள்காட்டியில் பாருங்கள். அமாவாசைக்கு முன்னும் பின்னும் மூன்று நாள் போதும். முழுநிலவில் போனால் நட்சத்திரங்களில் பாதி காணாமல் போகும். ரேச்சலிலிருந்து தெற்கு அடிவானத்தில் லாஸ் வேகஸின் வெளிச்சம் லேசாகத் தெரியும். அதற்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் வேண்டும், நடுவில் யாராவது கைபேசியைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. சிவப்பு விளக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே வானத்தில் பெரும்பாலும் தெரிவது இவைதான், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். செம்மஞ்சள் விளக்குகள் வரிசையாகத் தொங்கி, மெல்ல இறங்கி, ஒவ்வொன்றாக அணைந்தால் அது பாராசூட்டில் இறங்கும் வெளிச்சக் குண்டு. நெல்லிஸ் விமானப்படைப் பயிற்சி நடக்கும் வாரங்களில் அடிக்கடி தெரியும். கூடவே ஒலித்தடை உடைக்கும் இடிச்சத்தம் கேட்கும், வீட்டு ஜன்னல் அதிரும். சரம் கோத்தது போல் புள்ளிகள் ஒரே கோட்டில் நகர்ந்தால் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். அஸ்தமனத்துக்குப் பின் ஒன்றிரண்டு மணி நேரத்திலும் விடியலுக்கு முன்பும் தெரியும். நடுவானில் திடீரென்று ஒவ்வொன்றாக மங்குவது பூமியின் நிழலுக்குள் நுழைவதால். அசையாமல் நின்று வெளிச்சம் கூடிக்கொண்டே வரும் 'நட்சத்திரம்' உங்களை நோக்கி நேராக வரும் விமானத்தின் இறங்கு விளக்கு. இவை மூன்றையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் குறித்துவைக்க வேண்டியது: நேரம், திசை, அடிவானத்திலிருந்து எத்தனை கைப்பிடி உயரம். நீட்டிய கையில் ஒரு கைப்பிடி ஏறக்குறைய 10 பாகை.

படம் எடுக்க: 20 மிமீ லென்ஸ், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, 20 நொடி. ஃபோகஸைக் கையால், ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்துப் பிடியுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், மாற்று பேட்டரியைச் சட்டைப் பைக்குள் உடம்புச் சூட்டில் வையுங்கள்.

#11 புழுதிப்பாதை

கலிபோர்னியாப் பக்கம் இறங்குகிறவர்களுக்கு: லாண்டர்ஸில் இருக்கும் இன்டக்ராட்ரான் 38 அடி உயரம், 55 அடி குறுக்களவுள்ள மரக் கும்மட்டம். ஜார்ஜ் வான் டாசல் கட்டியது. வெள்ளிக்கிரகத்திலிருந்து வந்தவர்கள் செய்முறை சொன்னதாக அவர் நம்பினார். உள்ளே படிகக் கிண்ணங்களின் ஒலியில் ஒரு மணி நேரம் படுத்திருக்கலாம். முன்பதிவு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், பிள்ளைகளுக்கு வயது வரம்பு உண்டா என்று பதிவின்போதே கேளுங்கள். பக்கத்து ஜயன்ட் ராக்குக்குப் போகும் பாதை மணல். ஸ்பேனர் சொன்ன பிளைவுட் அங்கேதான் அதிகம் உதவும். 2000-ல் அந்தப் பாறையிலிருந்து பெரிய துண்டு பிளந்து விழுந்தது, வெள்ளை உட்புறம் இன்னும் பளிச்சென்று தெரியும். ஐ-15 வழியாகத் திரும்புகிறவர்கள் பேக்கரில் ஏலியன் ஜெர்க்கிக் கடையையும் 134 அடி வெப்பமானியையும் பார்க்கலாம். 1913-ல் டெத் வேலியில் பதிவான 134 பாரன்ஹீட்டின் நினைவாக அந்த உயரம்.

#12 கோப்புப்புழு

ராஸ்வெலைத் தனியாகப் போகும்போது: அருங்காட்சியகத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். 1947 ஜூலை 8 அன்று ராஸ்வெல் ராணுவ விமானத் தளத்திலிருந்து 'பறக்கும் தட்டு கிடைத்தது' என்று செய்திக்குறிப்பு போனதும், உடனே வானிலை பலூன் என்று மாற்றியதும், 1994-ல் விமானப்படை அதை மோகல் திட்டத்தின் ரகசிய பலூன் தொடர் என்று விளக்கியதும் வரிசையாகப் படிக்க வேண்டிய ஆவணங்கள். சிதறல்கள் கிடந்த பண்ணை ராஸ்வெலில் இல்லை, கொரோனா பக்கம், 75 மைல் வடமேற்கே. அது தனியார் நிலம்.

அங்கிருந்து வொயிட் சாண்ட்ஸ் வெண்மணல் பூங்காவுக்குப் போகிறவர்கள் யூஎஸ் 70 ஏவுகணைச் சோதனைக்காக ஒன்றிரண்டு மணி நேரம் மூடப்படுவதுண்டு என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். லாஸ் க்ரூசஸ் நோக்கிய திசையில் எல்லைக் காவல் சோதனைச் சாவடி இருக்கிறது. கிரீன் கார்டு, அல்லது பாஸ்போர்ட்டும் ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு) தாளும் கையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம். மேற்கே சோகோரோவிலிருந்து 50 மைலில் வெரி லார்ஜ் அர்ரே (விஎல்ஏ): 27 ரேடியோ தொலைநோக்கிகள், ஒவ்வொன்றும் 25 மீட்டர் கிண்ணம். அங்கே கைபேசியை அணைத்துவிட வேண்டும், அதன் அலை அளவீட்டைக் கெடுக்கும். பறக்கும் தட்டுத் தேடிப் போகிற எந்தப் பயணத்திலும் நான் விடவே கூடாது என்று சொல்லும் இடம் இது.

#13 ஊர்சுற்றி

தெளிவாகிவிட்டது. முதல் நாள் காலை 8-க்குக் கிளம்பி அலமோவில் பெட்ரோல், 375, மதியம் பின்வாசல், 4 மணிக்கு ரேச்சல், இரவு அங்கேயே. இரண்டாம் நாள் டோனபா. மூன்றாம் நாள் கோல்ட்ஃபீல்டில் தலைகுப்புற நட்ட கார்கள், பீட்டி பக்கம் ரையலைட் பாழூர், அமர்கோசா வேலியின் பச்சை நிற ஏலியன் கடை, லாஸ் வேகஸ். நான்காம் நாள் ஓய்வு. தேதியை அமாவாசையை ஒட்டி மாற்றிவிட்டேன். ஒப்பந்தத்தில் மண் ரோடு கூடாது என்றிருந்தால் வாசலை விட்டுவிடுவோம்.

#14 மைல்கல்

சரியான திட்டம். மூன்றாம் நாள் ஒன்று மட்டும்: கோல்ட்ஃபீல்டிலும் பீட்டியிலும் வேக வரம்பு 70-லிருந்து சட்டென்று 25-க்கு இறங்கும். முதல் பலகை கண்ணில் பட்டதுமே காலை எடுங்கள். பீட்டியில் காட்டுக் கழுதைகள் ரோட்டில் உலவும்.

#15 ஸ்பேனர்

கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி, வைஃபை இருக்குற இடத்துலயே லிங்கன், நை, எஸ்மரால்டா மூணு கவுன்டிக்கும் ஆஃப்லைன் வரைபடம் இறக்கிடுங்க. ஊர்ல இருக்குற ஒருத்தர்கிட்ட 'ராத்திரி 8-க்குள்ள ரேச்சல் விடுதி போன்ல கூப்பிடலைன்னா லிங்கன் கவுன்டி ஷெரிஃப் அலுவலகத்துக்குச் சொல்லு'ன்னு வண்டி எண்ணோட எழுதிக் கொடுங்க. வண்டி நின்னுட்டா யாரும் இறங்கி நடக்கக் கூடாது. பானெட்டைத் தூக்கி விட்டு, நிழல்ல வண்டி பக்கத்துலயே இருங்க. அடுத்த வண்டி வர ஒரு மணி நேரம் ஆனாலும் கட்டாயம் வரும்.